சம்பளத்தில் பிடித்த வரி: தவறு நேர்ந்தால் திருத்துவது எப்படி?

சரக்குக் கணக்கில் ஒரு மூட்டை குறைந்தால் வணிகப் பெருமக்கள் அன்று இரவே கண்டுபிடித்துவிடுவார்கள். ஜி.எஸ்.டி. கணக்கையும் இப்போது பெரும்பாலோர் தேதி தவறாமல் போட்டு வருகிறார்கள். கடைச் சிப்பந்தியின் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி என்று வரும்போதுதான், ‘அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடுகிறோம். ஆடிட்டரோ கடையிலிருந்து வரும் பட்டியலைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார். பட்டியலே வராத மாதத்துக்கு அவர் என்ன செய்வார்?

சம்பளம் கொடுக்கும்போதே அதற்குரிய வருமான வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொண்டு, அதை அரசுக் கணக்கில் கட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு. இதையே டி.டி.எஸ். என்கிறோம். இதில் தவறு நேர்வது சகஜம். எல்லாத் தவறும் ஒரே மாதிரி அல்ல என்பதும், ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நோய் கூடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதை விளக்கவே இக்கட்டுரை.

ஒரு மண்டியில் நடந்தது

தென் மாவட்டம் ஒன்றில் ஒரு பருப்பு மண்டி. தனி முதலாளி வியாபாரம். பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே மேலாளராக இருப்பவருக்கு 2023-24 ஆம் நிதியாண்டில் மாதச் சம்பளம் 75,000 ரூபாய். ஆண்டுக்கு 9,00,000. அதில் நிலைக் கழிவு 50,000 போக 8,50,000. அந்த ஆண்டின் புதிய வரி முறைப்படி முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 3 லட்சத்துக்கு 5 சதவீதம் 15,000. மீதி இரண்டரை லட்சத்துக்கு 10 சதவீதம் 25,000. ஆக 40,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 1,600. மொத்தம் 41,600 ரூபாய். கணக்குப்பிள்ளை இதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 3,467 வீதம் பிடித்து, மார்ச்சில் மட்டும் 3,463 பிடித்தார். கணக்கில் ஒரு ரூபாய் பிசகில்லை.

பிசகு வேறு இடத்தில். ஜூலை மாதச் சம்பளத்தில் பிடித்ததை ஆகஸ்ட் 7 ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். ஆடி மாத மந்தம். வெளியூர்ப் பாக்கி வசூலாகவில்லை. “அடுத்த மாசம் சேத்துக் கட்டிருவோம்” என்றார் முதலாளி. அடுத்த மாதமும் அப்படியே போயிற்று. செப்டம்பர் இறுதியில் கணக்குப்பிள்ளை வேலையை விட்டு நின்றுவிட்டார். அக்டோபரில் வந்த புதியவர் அக்டோபரிலிருந்து ஒழுங்காகக் கட்டினார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதங்களும் யார் கணக்கிலும் இல்லாமல் நின்றன. அந்தக் காலாண்டுக்கான 24க்யூ அறிக்கையும் போகவில்லை. வரித்துறையிலிருந்து நினைவூட்டல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவை போய்ச் சேர்ந்தது பழைய கணக்குப்பிள்ளையின் மின்னஞ்சலுக்கு! டான் எண் வாங்கும்போது அவர் தம் மின்னஞ்சலையே கொடுத்திருந்தார். (இதைப் படிக்கும் உறுப்பினர்கள் தங்கள் டான் பதிவில் யாருடைய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று இன்றே பார்ப்பது நல்லது. பல கடைகளில் இதே கதைதான்.)

2024 ஜூனில் புதிய கணக்குப்பிள்ளை மேலாளருக்குப் படிவம் 16 கொடுத்தார். அதை ‘டிரேசஸ்’ இணையதளத்திலிருந்து இறக்கிக் கொடுக்காமல், சம்பளப் பதிவேட்டைப் பார்த்துத் தாமே தட்டச்சு செய்து, முதலாளியின் கையெழுத்தை வாங்கிக் கொடுத்துவிட்டார். பதிவேட்டில் பிடித்தம் 41,600 என்று இருந்தது. மேலாளரும் அதை நம்பி, 41,600 கட்டியாகிவிட்டது என்று ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்தார். வரித்துறையின் பதிவிலோ அவர் பெயரில் 31,199 மட்டுமே இருந்தது. நவம்பர் தொடக்கத்தில் வந்த அறிவிப்பு, மீதிப் பத்தாயிரத்துச் சொச்சத்தையும் அதன் மேல் வட்டியையும் கட்டும்படி கேட்டது.

அறிவிப்பை எடுத்துக்கொண்டு போய் முதலாளி முன் வைத்தார் மேலாளர். முதலாளி நல்ல மனிதர். பதறிப்போய்க் கல்லாவைத் திறந்தார்.

“பத்தாயிரம்தானே தம்பி? இந்தா, இப்பவே வாங்கிக்க. நீ கட்டி விஷயத்தை முடிச்சிரு.”

“பணத்துக்கு வரல அண்ணாச்சி. பத்தொம்பது வருஷமா இந்தக் கல்லாவை எண்ணிக் குடுக்கிறேன். ஒரு ரூபா குறைஞ்சதில்ல. இப்ப நான் வரி கட்டாதவன்னு பேப்பர்ல வந்திருக்கு. அதை மாத்திக் குடுங்க.”

முதலாளிக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மாலை இருவருமாக என்னிடம் வந்தார்கள்.

கையில் பணம் கொடுத்தால் தீருமா?

முதலாளி சொன்ன வழி நம்மில் பலருக்கும் தோன்றும் வழிதான். சிப்பந்தியின் வரி பாக்கி நிற்கிறது, அந்தத் தொகையை அவர் கையில் கொடுத்துவிட்டால் நேராயிற்று என்று நினைக்கிறோம். ஆனால் சம்பளத்தில் ஒருமுறை பிடித்துவிட்ட தொகை நம் பணமும் அன்று, சிப்பந்தியின் பணமும் அன்று. பிடித்த நிமிடத்திலிருந்து அது அரசின் பணம், நம்மிடம் ஒப்படைப்பாக இருக்கிறது. அதை நாம் கட்டாமல் வைத்திருந்தால் பாக்கிக்காரர் நாம்தான். 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205 ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: மூலத்தில் பிடிக்கப்பட்ட வரியை, அந்த அளவுக்கு, சம்பளம் வாங்கியவரிடம் மறுபடி கேட்கக் கூடாது. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூன் 1 ஆம் தேதிக் கடிதத்திலும், 2016 மார்ச் 11 ஆம் தேதிக் குறிப்பாணையிலும், இப்படிப்பட்ட பாக்கியைச் சம்பளக்காரரிடம் வற்புறுத்தி வசூலிக்க வேண்டாம் என்று தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது.

மேலாளர் அன்று பத்தாயிரத்தை வாங்கிக் கட்டியிருந்தால் என்ன ஆகும்? தம்மிடம் கேட்கக்கூடாத வரியைத் தாம் ஒப்புக்கொண்டு கட்டியதாகும். தாமத வட்டியும் அவர் தலையில் விழும். முதலாளியின் பக்கமோ எதுவும் தீராது. பிடித்து வைத்த தொகை கட்டப்படாமலும், காலாண்டு அறிக்கை போகாமலும் அப்படியே நிற்கும். ஓராண்டு கழித்து அந்தக் குறையைத் துறை கேட்டால், “அதைத்தான் அவர் கட்டிவிட்டாரே” என்று சொல்லி நழுவ முடியாது. பிடித்ததாக எழுதிக் கையெழுத்திட்ட படிவம் 16 எதிரே இருக்கிறது.

பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருப்பது, பழைய சட்டத்தின் 276பி பிரிவின்படி மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 25 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட தொகையாகவும், தாமதம் 60 நாளுக்குக் குறைவாகவும் இருந்தால் சாதாரணமாக வழக்குத் தொடர வேண்டாம் என்று 2019 இல் வாரியம் சுற்றறிக்கை விட்டது. நம் மண்டியில் தொகை சிறியதுதான், ஆனால் 60 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் நாமே முன்வந்து சரிசெய்தவர் என்றால்தான் அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

திருத்திய விதம்

இதில் வரிசை முக்கியம். முதலில் பணம், பிறகு அறிக்கை, அதன் பிறகு சான்றிதழ், கடைசியில் சிப்பந்தியின் கணக்கு. வரிசை மாறினால் ஒவ்வொன்றும் இரண்டு முறை செய்ய வேண்டி வரும்.

பணம் 2024 நவம்பர் 20 ஆம் தேதி 281 ஆம் எண் செலானில் கட்டப்பட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டுகிற நாள் 2024 ஆக இருந்தாலும், பிடித்தது 2023-24 நிதியாண்டில். ஆகவே செலானில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்றே கொடுக்க வேண்டும். இதை நடப்பு ஆண்டில் போட்டுவிட்டு, பிறகு செலானைத் திருத்த அலைகிறவர்கள் நிறைய.

பிடித்துக் கட்டாத தொகைக்கு வட்டி மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்கு. வட்டி ஓடுவது கெடு தேதியிலிருந்து அன்று, பிடித்த தேதியிலிருந்து. நம் வியாபாரிகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஜூலை 31 இல் பிடித்ததை ஆகஸ்ட் 7 இல் கட்டினால் வட்டியே கிடையாது. எட்டாம் தேதி கட்டினால் ஒரு நாள்தானே தாமதம் என்று நினைக்கிறோம். இணையதளக் கணக்கில் ஜூலை ஒரு மாதம், ஆகஸ்ட் ஒரு மாதம் என்று இரண்டு மாத வட்டி, 3 சதவீதம் விழுந்துவிடும். நம் மண்டிக்கு ஜூலைத் தொகைக்கு 17 மாதம், ஆகஸ்டுக்கு 16, செப்டம்பருக்கு 15 என்று வந்தது. மூன்று மாத வரி 10,401 ரூபாய்க்கு வட்டி ஏறக்குறைய 2,500.

வட்டியோடு போகவில்லை. காலாண்டு அறிக்கை 2023 அக்டோபர் 31 க்குள் போயிருக்க வேண்டும். அது போன நாள் 2024 நவம்பர் 25. தாமதம் 391 நாள். 234இ பிரிவின்படி நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் என்றால் 78,200 ஆகிறது! ஆனால் அந்தக் காலாண்டில் பிடித்த வரிக்கு மேல் இந்தக் கட்டணம் போகாது என்று அதே பிரிவில் வரம்பு உண்டு. ஆகவே 10,401 உடன் நின்றது. கட்டணத்தைக் கட்டிய பிறகுதான் அறிக்கையை அனுப்ப வேண்டும். ஆக, ஆடி மந்தத்தில் மாதம் மூவாயிரத்து நானூறு சொச்சத்தைத் தள்ளிப்போட்டதற்கு விலை, வரியைத் தவிர்த்து, சுமார் 12,900 ரூபாய்.

இதைவிட வருத்தமானது ஒன்று உண்டு. அறிக்கை தாமதத்துக்கு 271எச் பிரிவின்படி 10,000 முதல் 1,00,000 வரை தனி அபராதமும் போடலாம். வரி, வட்டி, கட்டணம் எல்லாம் கட்டி, கெடு தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அறிக்கையைக் கொடுத்துவிட்டால் அந்த அபராதம் இல்லை என்று அப்போது விதி இருந்தது. நம் மண்டிக்கு அந்த ஓராண்டு 2024 அக்டோபர் 31 உடன் முடிந்துவிட்டது. இருபத்தைந்து நாளில் அந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போயிற்று. மேலாளருக்கு ஜூனில் படிவம் 16 கொடுத்தபோது டிரேசஸ் தளத்திலிருந்து எடுத்திருந்தால், 31,199 என்ற எண் அன்றே கண்ணில் பட்டிருக்கும். நியாயமான காரணம் காட்டினால் அபராதத்தைத் தள்ளுபடி செய்ய அதிகாரிக்கு இடம் உண்டு. ஆனால் ‘ஆடி மாதம்’ என்பதை எந்த அதிகாரி நியாயமான காரணமாக ஏற்பார்? 2025 ஏப்ரல் 1 முதல் அந்த ஓராண்டு அவகாசத்தையும் ஒரு மாதமாகக் குறைத்துவிட்டார்கள் என்பதையும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

முதலாளியின் சொந்த வருமான வரிக் கணக்கிலும் இது எதிரொலித்தது. பிடித்த வரியை, தம் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதிக்குள் கட்டாவிட்டால், அந்தச் சம்பளச் செலவில் 30 சதவீதத்தை அந்த ஆண்டுக்கு ஏற்கமாட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் 2,25,000 இல் 67,500 ரூபாய் லாபத்தோடு சேர்ந்துவிடும். வரியைக் கட்டிய ஆண்டில் அந்தச் செலவை எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தத் தொகைக்கும் வரி கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பணமும் அறிக்கையும் போன பிறகு, நான்காம் காலாண்டு அறிக்கைக்கு ஒரு திருத்த அறிக்கை கொடுத்தோம். அதன் இரண்டாவது இணைப்பில்தான் ஆண்டு முழுவதற்கான சம்பளமும் வரியும் வருகின்றன. இரண்டும் துறையில் ஏறிய பின் டிரேசஸ் தளத்திலிருந்து படிவம் 16 ஐ இறக்கி, பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேலாளரிடம் கொடுத்தாயிற்று.

இதற்கிடையில் மேலாளர் சும்மா இருக்கவில்லை, இருக்கவும் கூடாது. வந்த பாக்கி அறிவிப்புக்கு இணையதளத்தில் ‘இந்தப் பாக்கியை ஏற்கவில்லை’ என்று பதில் பதிவு செய்து, சம்பளச் சீட்டுகளையும் வங்கிப் பதிவையும் ஆதாரமாக வைத்துக்கொண்டார். தம் பெயரிலுள்ள 26ஏஎஸ் பதிவில் 41,600 முழுவதும் வந்த பிறகு, 154 ஆவது பிரிவின் கீழ்த் திருத்தம் கேட்டு மனுப் போட்டார். பாக்கி நீங்கியது. அவருக்கு மாதந்தோறும் சம்பளச் சீட்டு கிடைத்து வந்ததும், சம்பளம் வங்கி மூலம் போனதும் பெரிய உதவியாக இருந்தன. ரொக்கமாகக் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கும் கடையாக இருந்தால், வரி பிடித்தார்கள் என்று அவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? சம்பளச் சீட்டு கொடுப்பதை வீண் வேலை என்று நினைக்கும் உறுப்பினர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிடிக்கவே மறந்திருந்தால்

மேலே சொன்னது பிடித்துவிட்டுக் கட்டாத கதை. பிடிக்கவே மறந்துவிட்டாலோ, குறைத்துப் பிடித்துவிட்டாலோ வழி வேறு.

அதே சம்பளமுள்ள இன்னொருவருக்கு 2023 தீபாவளிக்கு 75,000 ரூபாய் போனஸ் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளை போனஸை வரிக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். (தீபாவளி நேரத்தில் எதுதான் நினைவில் நிற்கிறது?) சேர்த்தால் வரிக்குரிய தொகை 9,25,000. வரி 48,750, செஸ்ஸுடன் 50,700. முன்பு கணக்கிட்ட 41,600 போக 9,100 குறைகிறது. டிசம்பர்ச் சம்பளம் போடும்போது இதைக் கண்டுபிடித்தால் கவலைப்பட வேண்டியதில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதங்களில், வழக்கமான பிடித்தத்தோடு மாதம் 2,275 கூடுதலாகப் பிடித்துக்கொள்ளலாம். ஆண்டுக்குள் கூடுதல் குறைவைச் சரிக்கட்ட 192 ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவே அனுமதி தருகிறது. சிப்பந்தியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பிடிப்பது மரியாதை. திடீரென்று கவரில் இரண்டாயிரம் குறைந்தால் வீட்டில் அவர் என்ன சொல்வார்?

மார்ச் தாண்டிய பிறகு கண்டுபிடித்தால், இங்கேதான் முன்பு தவறு என்று சொன்ன வழி சரியான வழியாகிறது. தொகை பிடிக்கப்படவில்லை, முழுச் சம்பளமும் சிப்பந்தியின் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகவே வரியை அவரே கட்டலாம், கட்டவும் வேண்டும். போனஸையும் சேர்த்துக் கணக்குத் தாக்கல் செய்து அவர் வரியைக் கட்டிவிட்டால், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஒருவரின் சான்றோடு 26ஏ என்ற படிவத்தைக் கொடுத்து, முதலாளி ‘தவறியவர்’ என்ற நிலையிலிருந்து வெளியே வரலாம். அவர் கட்ட வேண்டியது வட்டி மட்டும். அதுவும் மாதம் 1 சதவீதம், பிடித்திருக்க வேண்டிய நாளிலிருந்து சிப்பந்தி கணக்குத் தாக்கல் செய்த நாள் வரை.

ஆகவே தவறு தெரிந்தவுடன் கணக்குப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எவ்வளவு?” என்பதன்று. “பிடித்தோமா, பிடிக்கவில்லையா?” என்பதே. இதற்குப் பதில் கிடைக்கும் வரை யார் கையிலும் பணம் கொடுக்கவோ, யாரிடமும் வாங்கவோ வேண்டாம்.

கூடுதலாகப் பிடித்த வழக்கும் உண்டு. 2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பான முறை. பழைய முறை வேண்டுமா என்று ஒவ்வொரு சிப்பந்தியிடமும் கேட்க வேண்டும், அவர் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையில் பிடிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 5 ஆம் தேதிச் சுற்றறிக்கை சொல்கிறது. இதை அறியாமல் பழைய வழக்கப்படியே, ஆயுள் காப்பீட்டு ரசீதெல்லாம் வாங்கி, பழைய முறையில் பிடித்தவர்கள் ஏராளம். நம் மேலாளருக்கே ஒன்றரை லட்சம் சேமிப்புக் கழிவோடு பழைய முறையில் போட்டிருந்தால் 54,600 வந்திருக்கும். 13,000 ரூபாய் வீணாகக் கூடுதல். ஆண்டுக்குள் தெரிந்தால் மீதி மாதங்களில் குறைத்துப் பிடித்துச் சரிசெய்யலாம். ஆண்டு முடிந்து அரசுக்கும் கட்டியாகிவிட்டால், சிப்பந்தி தம் கணக்கில் புதிய முறையைக் காட்டி ரீஃபண்ட் வாங்கிக்கொள்வதே எளிது.

பான் எண்ணில் ஓர் எழுத்து மாறிப்போவது சிறு தவறு போலத் தெரியும். பணம் கட்டியாயிற்று, அறிக்கையும் போயிற்று, ஆனால் வரி யாரோ முன்பின் தெரியாதவர் பெயரில் ஏறிக்கொண்டிருக்கும். நம் சிப்பந்திக்குப் பாக்கி அறிவிப்பு வரும். அந்தத் தெரியாத மனிதருக்கோ, தாம் வாங்காத சம்பளம் தம் கணக்கில் வந்து நிற்கும்! இதற்குத் திருத்த அறிக்கை ஒன்றே வழி, புதிதாகப் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் காலம் கடத்தக் கூடாது. பழைய சட்டத்தில் இறுதியாக ஆறு ஆண்டு என்று இருந்த திருத்தக் கெடு, 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது.

‘எங்களுக்கு ஆடிட் இல்லையே!’

சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. ஒப்பந்தத் தொகை, கமிஷன், கடை வாடகை போன்றவற்றில் டி.டி.எஸ். பிடிக்கும் பொறுப்பு, தனிநபர் வியாபாரிகளைப் பொறுத்தவரை விற்றுமுதல் பெரிதாக இருந்தால்தான் வரும் என்பது பொதுவாகச் சரி. சம்பளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சம்பளம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும், வாங்குபவரின் சம்பளம் வரி வரம்பைத் தாண்டினால் பிடித்தாக வேண்டும். மகனையும் மருமகளையும் சம்பளப் பட்டியலில் சேர்த்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். செலவு எழுதும்போது சம்பளம், வரி பிடிக்கும்போது குடும்பம் என்று இரண்டு வேடம் போட முடியாது.

2025-26 ஆம் நிதியாண்டு முதல் நிலைமை கொஞ்சம் இளகியிருக்கிறது. புதிய முறையில் நிலைக் கழிவு 75,000. அதையும் சேர்த்தால் ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய் வரை வரி வராது. நம் கடைகளில் இந்த வரம்பைத் தாண்டுகிறவர்கள் சிலரே. ஆனால் பழைய முறையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சிப்பந்திக்கு இந்த வரம்பு பொருந்தாது. அதற்கு முந்திய ஆண்டுகளில் விட்டுப்போன தவறுகளும் இதனால் மறைந்துவிடா.

கூட்டு வியாபாரம் நடத்துகிறவர்களுக்கு இனித்தான் கவனம் வேண்டும். பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளம் வரிச் சட்டத்தின் பார்வையில் சம்பளமே அன்று. அதனால் பல ஆண்டுகளாக அதில் பிடித்தமே இல்லாமல் இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது மாறிவிட்டது. பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளம், ஊதியம், கமிஷன், போனஸ், முதலுக்கு வட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். மாதம் 25,000 எடுக்கும் பங்குதாரருக்கு மாதம் 2,500. அவருடைய ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருக்கிறதே என்று கணக்குப் போட இங்கே இடமில்லை. லாபப் பங்குக்கு இது கிடையாது.

இதில் இரண்டு தவறுகளைக் காண்கிறேன். ஒன்று, பங்குதாரரின் தொகையையும் சிப்பந்திகளோடு சேர்த்துச் சம்பள அறிக்கையான 24க்யூவில் போடுவது. அது 26க்யூவில் வர வேண்டியது. மற்றொன்று, பணமாக எடுத்தால்தான் பிடிக்க வேண்டும் என்று நினைத்து, மார்ச் 31 இல் வட்டியை முதல் கணக்கில் வரவு வைக்கும்போது விட்டுவிடுவது. முதல் கணக்கில் வரவு வைத்தாலே கொடுத்ததற்குச் சமம். மார்ச் மாதப் பிடித்தத்தைக் கட்ட ஏப்ரல் 30 வரை அவகாசம் இருப்பதால், ஐந்தொகை தயாராகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று செப்டம்பர் வரை விட்டுவிட வேண்டாம்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது புதிய சட்டம். சம்பளப் பிடித்தம் அதில் 392 ஆவது பிரிவு. இங்கே குறிப்பிட்ட எண்கள் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். பழைய ஆண்டுகளுக்கு உரிய விவகாரம் பழைய எண்களிலேயே நடக்கும். ஆகவே எந்தப் படிவத்தை எடுக்கும் முன்பும் தொகை எந்த ஆண்டுக்குரியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மண்டி முதலாளி இப்போது பேரேட்டில் ‘டி.டி.எஸ். கட்ட வேண்டியது’ என்று தனிப் பக்கம் போட்டிருக்கிறார். ஏழாம் தேதி மாலை அந்தப் பக்கத்தில் பாக்கி பூஜ்யமாக இருக்கிறதா என்று அவரே பார்க்கிறார். மேலாளர் தம் பங்குக்கு, காலாண்டு அறிக்கை ஏறியதும் தம் 26ஏஎஸ் தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். அதில் முதலாளி கையெழுத்துப் போட்டுத் தருகிறார்.